சின்ன மாப்பிள்ளை தடம்

செம்மாண்டம்புதூர்க்காரர்களிடம் போய், உங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர் இரண்டாக விலகி நடுவே தடம் விட்டு நின்றதாமே என்று கேட்டால், அதை அதிசயம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மில்லுக்குப் போக எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பார்கள், மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் வழுக்கும் என்பார்கள், அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாச்சிமுத்துவைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களுக்கும் காரணம் இருக்கிறது, நாச்சிமுத்துவுக்கும் காரணம் இருக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு யார் பக்கம் சேர்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அது பம்ப்செட் மோட்டார் செய்து பிழைக்கிற ஊர். ஆடிப்பெருக்கு அன்று மற்ற ஊர்களில் என்னென்ன உண்டோ அதெல்லாம் அங்கேயும் உண்டு, ஆனால் காலையிலேயே முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நோம்பிக்கு மாமனார் வீடு வந்திருக்கிற மாப்பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்து, பட்டறையில் செய்த டாங்கிகளைத் தண்ணீரில் இறக்குவார்கள். பீரங்கி, இரும்புச் சக்கரப் பட்டை எல்லாம் வைத்த, ஓர் ஆட்டுக்குட்டி அளவில் இருக்கிற சண்டை டாங்கி. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த பொம்மை டாங்கியை, மச்சினன் ஏதோ சொன்னான் என்று ரோஷப்பட்டுக் குளத்தில் விட, அது முங்கிப்போக, அடுத்த ஆடிக்கு முங்காத ஒன்றைச் செய்துகொண்டு வருகிறேன் பார் என்று அவன் சொல்லிப்போக, ரோஷத்தில் ஆரம்பித்த சங்கதி ஊர் வழக்கமாகிவிட்டது. கிழக்குக் கரையில் இறங்கி, குளத்தின் அடிச்சேற்றிலேயே ஊர்ந்து போய், மேற்குக் கரையில் ஏற வேண்டும். முதலில் ஏறின டாங்கிக்காரருக்கு அவருடைய மாமனார் அங்கேயே, ஊர் பார்க்க, உருமால் கட்டுவார். கல்யாணத்தன்று தலையில் கட்டின உருமாலை மறுபடியும் ஒருமுறை கட்டிக்கொள்வது சாதாரண மரியாதை இல்லை.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். தண்ணீர் புகக்கூடாது என்று டாங்கி முழுவதையும் அடைத்துவைத்தால், உள்ளே இருக்கிற காற்றுக்கு அது வாத்து மாதிரி மிதந்துகொண்டு நிற்கும், சக்கரப் பட்டை சும்மா சுற்றும். அடைக்காமல் விட்டால் ரிசீவர் நனைந்து நடுக்குளத்தில் செத்துக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை நாச்சிமுத்து கண்டுபிடித்திருந்தார். மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிற பட்டறை அவருடையது. தண்ணீரில் கிடந்து ஓடுகிற மோட்டாரோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டினவர். டாங்கியின் வயிற்றுக்குள் தண்ணீரைத் தாராளமாக வரவிட்டு, ரிசீவரையும் பேட்டரியையும் மட்டும் ஒரு டப்பாவில் வைத்து, மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டு, கிரீஸ் தடவி இறுக்கிவிடுவார். அடியில் ஈயத் தகடு. தண்ணீருக்குள் ரிமோட் பேச்சு எடுபடாது என்பதால் ஏரியல் கம்பியை நீளமாக விட்டு, நுனியில் தக்கை கட்டி, தக்கையில் ஒரு சின்னக் கொடி. கொடி மட்டும் தண்ணீர்மேல் நகர்ந்து நகர்ந்து போவதைக் கரையிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் முதலில் கரையேறுவது நாச்சிமுத்துவின் கொடிதான், உருமாலும் அவருக்குத்தான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை.

அப்படி இருந்த மனிதருக்கு ஒரு சகலை வந்து சேர்ந்தார். மனைவி சாந்தாமணியின் தங்கை அம்சவேணியைக் கட்டினவர், பெயர் தெய்வசிகாமணி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமும். அவரைக் குறை சொல்ல எதுவுமே இல்லை, அதுதான் குறை. வாசலில் கால் வைக்கும்போதே நாய் வாலாட்டும். மாமியார், நாச்சிமுத்துவிடம் சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை என்று கேட்கிற அதே வாயால் இவரிடமும் கேட்பார், ஆனால் அப்போது மாப்பிள்ளை என்கிற சொல்லில் ஓர் இழுப்பு இருக்கும், நாச்சிமுத்து அந்த இழுப்பை அளந்து வைத்திருந்தார். கோழி அடித்தால் ஈரல் அவர் இலைக்குப் போகும். அவர் சொல்கிற துணுக்குகளுக்குச் சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள், நாச்சிமுத்து அப்போதெல்லாம் எழுந்து போய்க் கை கழுவுவார். பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. சாப்பிட்ட சோறு செரிக்காமல், நெஞ்சுக்குக் கீழே அடுப்பு மூட்டின மாதிரி, சகலை ஊர் திரும்பிப் பல நாள் ஆனபிறகும் கனன்றுகொண்டே இருக்கும்.

அந்தத் தெய்வசிகாமணிக்கும் ஓர் ஆடியில் டாங்கி விடுகிற ஆசை வந்தது. தேங்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லத் தெரியுமே தவிர ஒரு திருகாணி முடுக்கத் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரித்தார், நீங்க செஞ்சு குடுத்தாப் போதுங்கண்ணா, நான் பட்டனை மட்டும் அமுக்கிக்கறேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாமனார் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நாச்சிமுத்து செய்தார். தன் பட்டறையிலிருந்து போகிற சாமான் மட்டமாக இருந்தால் தன் பெயர்தான் கெடும் என்பதால் தன்னுடையதைவிட நன்றாகவே செய்தார், பச்சை வர்ணம் அடித்தார், கொடியைக்கூடப் பட்டுத்துணியில் தைக்கச் சொன்னார். கடைசியில், டப்பா மூடியை இறுக்குவதற்கு முன்பு, அந்த ரப்பர் வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடுக்குளத்துக்குப் போனதும், சம்பந்தி வீட்டு ஜனம், ஒறம்பரை வந்த சொந்தக்காரர்கள், ஊர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பட்டுக்கொடி அசையாமல் நின்றுவிடும், தெய்வசிகாமணி பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு அசடு வழிவார், அது போதும். அதற்குமேல் நாச்சிமுத்து அவருக்கு எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று டாங்கிகள் வரிசையாக இறங்கின. நாச்சிமுத்துவின் டாங்கி வழக்கம்போல அடிச்சேற்றைப் பிடித்து, வழக்கம்போல நேராகப் போய், வழக்கம்போல முதலில் மேற்குக் கரையில் ஏறியது, யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தெய்வசிகாமணியின் டாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தண்ணீரில் வாயை வைத்ததும் தண்ணீர் விலகியது. டாங்கி ஒரு முழ அகலம்தான், தண்ணீர் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒதுங்கி, இரண்டு பக்கமும் சுவராக நின்று, டாங்கி போகப் போகப் பின்னால் சேராமல் அப்படியே நின்றது. தக்கையும் பட்டுக்கொடியும் தண்ணீர் விலகின சேற்றில் டாங்கியின் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போயின. கரையில் இருந்தவர்களில் முதலில் பேசினது மீன்குத்தகை எடுத்தவர், இப்படித் தடம் விழுந்தால் இந்தப் பக்கத்து மீன் அந்தப் பக்கம் எப்படிப் போகும் என்று கேட்டார். அடுத்ததாக மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் போக நேரமாகும் என்று சின்ன மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தத் தடத்திலேயே இறங்கி நடந்து, மேற்குக் கரையில் ஏறி, உருமாலை அவருடைய தலையில் கட்டினார். முதலில் கரையேறினது யார் டாங்கி என்று யாரும் கேட்கவில்லை, நாச்சிமுத்துவும் சொல்லவில்லை.

அந்தக் குளம் நீளமோ நீளம், அகலம் கம்மி. ஊர் கிழக்கே, பஸ் நிறுத்தமும் பஞ்சு மில்லும் மேற்கே. அதுவரை குளத்தைச் சுற்றிக்கொண்டு போன ஜனம் மறுநாள் காலையிலேயே தடத்தில் இறங்கிவிட்டது. முதலில் மில்லுக்குப் போகிற பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், வெயிலில் சேறு இறுகியதும் செருப்போடு போனார்கள், அப்புறம் பால்காரர் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு போனார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீர்ச் சுவரில் விரலை விட்டு மீனைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள், மீன்களும் கொஞ்ச நாளில் பழகிப்போய், யார் பையில் முறுக்கு இருக்கிறது என்று தெரிந்து கூடவே வந்தன. கரையோரத்தில் இடுப்பளவுதான் தண்ணீர், நடுவில் ஆள் முங்குகிற ஆழம். தூரத்திலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் குளத்தின்மேல் மிதந்து போய், நடுவில் காணாமல் போய், அந்தப் பக்கம் மறுபடி முளைக்கும். எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருத்தரையொருத்தர் உரசிக்கொண்டுதான் திரும்ப முடியும். வாய்க்கால் தகராறில் தலைமுறையாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பத்துக்காரர்கள் நடுக்குளத்தில் அப்படி மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் திரும்பி, திரும்பின கையோடு உடம்பு சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டார்கள். ஊராட்சியில் கூட்டம் போட்டு, காலையில் போகிறவர்களுக்கு முதல் உரிமை, சாயங்காலம் வருகிறவர்களுக்கு முதல் உரிமை, ஆட்டை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, தண்ணீர்ச் சுவரில் யாரும் துணி அலசக்கூடாது என்றெல்லாம் முடிவு செய்தார்கள். பெயர் வைக்கக் கூட்டம் தேவைப்படவில்லை. சின்ன மாப்பிள்ளை தடம் என்று தானாகவே வந்துவிட்டது.

நாச்சிமுத்து அந்தப் பெயரை நாளெல்லாம் கேட்டார். பட்டறைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் சின்ன மாப்பிள்ளை தடத்தில் வந்தேன் என்றார்கள். டீக்கடையில் சின்ன மாப்பிள்ளை தடத்துப் பக்கம் ஒரு பெஞ்சு போடலாமா என்று பேசினார்கள். தெய்வசிகாமணி எப்போதாவது வந்தால் கரையில் கூட்டம் கூடும், அவர் எல்லாரிடமும் எனக்கென்னங்க தெரியும், எல்லாம் அண்ணன் கைவேலை என்று பெருந்தன்மையாகச் சொல்வார், அதைக் கேட்டு ஜனம் அவருடைய பெருந்தன்மையைப் புகழும். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் எரிவதற்கு? தடம் உண்மையிலேயே தன் கைவேலைதான் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லப்போனால், வளையத்தை எடுத்த கதையையும் சொல்ல வேண்டும். எதற்காக எடுத்தாய் என்று கேட்பார்கள். பட்டறையைச் சாத்திக்கொண்டு தனக்கென்று ஒரு டாங்கி, வளையம் போடாமல், அதே பச்சை வர்ணத்தில் செய்து, ஆள் இல்லாத வடக்கு மூலையில் இறக்கிப் பார்த்தார். அது கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய், குமிழி விட்டு, செத்துப்போனது. தண்ணீர் ஓர் இம்மிகூட விலகவில்லை. அன்றைக்கு அவர் முழங்கால் சேற்றோடு வீட்டுக்கு வந்து, சாந்தாமணி எதற்கென்று கேட்கும் முன்பே அவளிடம் எரிந்து விழுந்தார். அந்தத் தடத்தில் மட்டும் அவர் ஒரு நாளும் கால் வைக்கவில்லை, எங்கே போவதானாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றியே போனார்.

ஒரு நாள் காலை மில்லுக்குப் போன பெண்கள் சேலை நனைந்து கரையேறினார்கள். தடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் கசிந்திருந்தது. மழை கிடையாது, மதகு திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காய்ந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கசிந்தது, மறுபடியும் காய்ந்தது. மில் பெண்கள் கெட்டிக்காரிகள், நூல் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கிற கண் அவர்களுக்கு. எந்த நாள் கசிகிறது, அந்த நாள் ஊரில் என்ன நடந்தது என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெய்வசிகாமணி அனுப்பின தேங்காய் லோடு வழியில் அழுகிப்போச்சு என்று செய்தி வந்த அன்று நாச்சிமுத்து டீக்கடையில் தானாக ஒரு வடை வாங்கித் தின்றார், எல்லாரிடமும் சிரித்துப் பேசினார், அன்றைக்குத்தான் கசிந்தது. அதே தெய்வசிகாமணிக்குப் புதுத் தோப்பு அமைந்தது என்று தெரிந்த அன்று அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார், அன்றைக்குத் தடம் அடுப்படி மாதிரிக் காய்ந்து கிடந்தது.

ஊராட்சித் தலைவர் ரங்கநாயகி நாலு பெரிய மனிதர்களையும் மில் பெண்களையும் அழைத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் வீட்டுக்கு வந்தார். வந்தவர்களுக்குச் சாந்தாமணி தண்ணீர் கொடுத்தாள். ரங்கநாயகி குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பதமாகப் பேசினார்.

"வயித்தெரிச்சல், வயித்தெரிச்சல்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க? எரியற எடத்துல தண்ணி நிக்குமுங்களா? உங்க வயிறு எரியற வரைக்கும் எங்க தடம் காஞ்சிருக்குதுங்க."

நாச்சிமுத்து மறுத்தார். தனக்கும் சகலைக்கும் நடுவில் அப்படி ஒன்றும் இல்லை என்றார், கும்பிடுகிற சாமிமேல் சத்தியம் செய்யக் கையைத் தூக்கினார். அவர்கள் வாக்குவாதம் செய்யவில்லை. கரையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ரங்கநாயகி பேச்சோடு பேச்சாக, மாமனார் கிணத்து மேட்டுப் பூமியைச் சின்ன மாப்பிள்ளைக்கு எழுதி வைப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட, நாச்சிமுத்துவின் முகம் சிவந்ததும், கரையில் நின்றவன் தண்ணி ஒரு சாண் ஒதுங்கிருச்சுங்க என்று கூவினதும் ஒரே சமயத்தில் நடந்தது. சாந்தாமணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இதெல்லாம் புதுச் செய்தி இல்லை.

முகத்தில் யாராவது காறித் துப்பியிருந்தால்கூட நாச்சிமுத்து தாங்கியிருப்பார். அவர்கள் நன்றி சொன்னார்கள். வயசானவர்கள்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தானே எங்கள் கால் வலி தீர்ந்தது என்றார்கள். நீங்க ஒண்ணும் புதுசாப் பண்ண வேண்டாமுங்க, இத்தனை நாளு பட்டதை அப்படியே பட்டுக்கிட்டிருந்தாப் போதும் என்று ரங்கநாயகி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊர் அவருடைய வயிற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மோர், இளநீர், நுங்கு எதுவும் அந்த வீட்டுக்குள் போகக்கூடாது, குளிர்ந்துவிடும். தினமும் கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், யார் வீட்டில் காரமாகக் கோழி வறுத்தாலும் ஒரு கிண்ணம் அவருக்கு. காலையில் பட்டறை திறந்ததும் தெருவுக்கு ஒருத்தர் முறை வைத்துக்கொண்டு வந்து, தெய்வசிகாமணியின் சுபச்செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். உங்க சகலை மாடி கட்டறாருங்களாமே. உங்க சகலைக்குக் கோயில்ல முதல் மரியாதையாமே. உங்க சகலையைப் பார்த்துட்டு உங்க மாமியாரு, எங்க வீட்டுக்கு வந்த மவராசன்னு சொன்னாங்களாமே. சொல்லிவிட்டு அவர் முகத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், காய்ந்தது என்று தெரிந்ததும் வேலைக்குப் போவார்கள்.

முன்பு அந்தப் பொறாமை அவருடைய சொந்தச் சரக்கு, வேண்டும்போது எடுத்து எரிந்துகொள்வார், அலுத்தால் அணைத்துவிட்டுத் தூங்குவார். இப்போது அதை அணைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. காலையில் எழுந்து சும்மா ஒரு குருவியைப் பார்த்து மனசு லேசானால்கூட, யாரோ ஒரு பெண் நடுக்குளத்தில் நனைவாள். உடம்பு வற்றிப்போனது, சட்டை தொளதொளவென்று ஆடியது, புளித்த ஏப்பம் நிற்கவே இல்லை. ஊரோ அவர் மெலிய மெலியச் சந்தோஷப்பட்டது. அவருக்கு இரண்டே ஆசைகள்தான் இருந்தன, ஒன்று எரியாமல் ஒரு நாள் இருக்க வேண்டும், இன்னொன்று யாரும் முங்கிவிடக்கூடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத ஆசைகள். ஒரு மத்தியானம், கொள்ளு ரசத்தை ஊற்றிக்கொண்டே சாந்தாமணி கேட்டாள்:

"ஏனுங்க, ஒரு நாளைக்கு நாம எங்கயாவது போயிட்டு வரலாமுங்களா, ஆரைப் பத்தியும் நெனைக்காம?"

அவர் ரசத்தைச் சோற்றோடு பிசைந்தார். அப்படி ஓர் இடம் இருந்தால் முதலில் நான்தான் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

தை பிறந்து கொஞ்ச நாளில், மில் விடுகிற நேரத்தில், தெய்வசிகாமணி பட்டறை வாசலில் வந்து நின்றார். காரில் வரவில்லை, பஸ்ஸில் வந்து, குளத்தைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார், செருப்பில் புழுதி. மாடி கட்டுகிற மனிதரின் சட்டைக் காலர் நைந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எப்போதும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறவர், காயில் கட்டுகிற மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார், பார்த்த உடனேயே ஊர் இத்தனை நாள் காலையில் வந்து சொன்னதெல்லாம் பொய் என்று புரிந்துவிட்டது. தேங்காய் லோடு அழுகினபோது நாக்கில் ஓர் இனிப்பு ஊறியதே, அது இப்போதும் ஊறும் என்று எதிர்பார்த்தார். ஊறவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குக் கீழே, எத்தனையோ வருஷமாகக் கனன்றுகொண்டிருந்த இடத்தில், ஏதோ சில்லென்று இறங்கியது.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார் தெய்வசிகாமணி.

அதே நேரத்தில் குளத்தின் பக்கமிருந்து பெண்கள் சத்தம் கேட்டது. பட்டறை வாசலிலிருந்து பார்த்தால் குளம் தெரியும். மேற்குக் கரையிலிருந்து தலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, முன்னால் வந்த சில தலைகள் கிழக்குக் கரையை நெருங்கிவிட்டன, மற்றவர்கள் நடுவில், ஆள் முங்குகிற ஆழத்தில், தலைகூடத் தெரியாமல். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது என்று ஒருத்தி கத்தினாள். சந்தைக்குப் போன சாந்தாமணியும் அந்த வரிசையில்தான் வர வேண்டும் என்பது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்பச் சொல்லாதீங்க. அவங்க கரையேறட்டும்."

சொல்லிவிட்டு அவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எரிய முயன்றார். எரிவது அவருக்குக் கைவந்த வேலை, ஆனால் அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்க்க ஒவ்வொன்றும் சாம்பலாக இருந்தது. ஈரலை நினைத்தார், ஒரு துண்டு ஈரல்தானே என்று தோன்றியது. மாமியாரின் அந்த இழுப்பை நினைத்தார், பாவம் வயசான பொம்பளை என்று தோன்றியது. உருமாலை நினைத்தார், எதிரே நிற்கிறவரின் தலை நரைத்திருந்தது கண்ணில் பட்டது. தடத்தின் பெயரை, கரையில் கூடின கூட்டத்தை, பெருந்தன்மையான அந்தப் பேச்சை எல்லாம் நினைத்தார், எதுவும் பற்றவில்லை, இடுப்புக்கு வந்துருச்சுங்க என்று குளத்தில் யாரோ அழுதார்கள். கடைசியில் சாந்தாமணியின் சிரிப்பை நினைத்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இந்த மனிதர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவள் சிரித்த சிரிப்பு. தன்னுடைய எந்தப் பேச்சுக்கும் அவள் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. அது எரிந்தது. அது நன்றாகவே எரிந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, எதிரே நிற்கிறவரின் ஒட்டின கன்னத்தைப் பார்க்காமல், அந்தச் சிரிப்பை ஊதி ஊதி எரியவிட்டார். குளத்தில் சத்தம் அடங்கியது. தண்ணீர் இறங்குதுங்க, சீக்கிரம் வாங்க என்று யாரோ சொல்வது கேட்டது. ஒவ்வொருத்தராகக் கரையேறினார்கள். கடைசியாக, சந்தைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்த சேலையோடு சாந்தாமணி ஏறினாள். ஏறினதும் திரும்பிப் பட்டறைப் பக்கம் பார்த்தாள்.

நாச்சிமுத்து மேசையை விட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சகலையை உட்காரவைத்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"எல்லாம் போச்சுங்கண்ணா" என்றார் தெய்வசிகாமணி. "மரமெல்லாம் நோவு விழுந்து பட்டுப்போச்சு. சொல்லக்கூடாது, சொன்னா ஊருத் தடம் முங்கீரும்னு உங்க ஊர்க்காரங்க கேட்டுக்கிட்டாங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் நல்லா இருக்கறதுங்க?"

அவர் அழுதார். நாச்சிமுத்து அவர் முதுகில் கையை வைத்தார். வெளியே குளம் ஒரு பெரிய சத்தத்தோடு சேர்ந்துகொண்டது, கரையில் அலை ஏறி டீக்கடைப் பெஞ்சுவரை வந்துவிட்டுத் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் ஊர் கூடிவிட்டது. ரங்கநாயகி முன்னால் நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவருக்கு நிம்மதிதான், இருந்தாலும் குரல் பதமாக இல்லை.

"என்னுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நாளைக்கு எல்லாரும் எப்படிப் போவாங்க?"

"எனக்கு ஆறிப்போச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. சகலையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேற ஆருக்காச்சும் எரிஞ்சா வரச் சொல்லுங்க. டாங்கி எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்லித் தர்றேன்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி வேறு பக்கம் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரிகள் இருவர் ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். டீக்கடைக்காரர் எதிர்க்கடைக்காரரைப் பார்த்தார். மீன்குத்தகைக்காரர் தரையைப் பார்த்தார். எங்களுக்கு ஆரு மேலீங்க வயித்தெரிச்சல் என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார், ஆமாங்க, நம்மூர்ல அப்படி ஆருமே கெடையாதுங்க என்று இன்னொருத்தர் சொன்னார், அதையே ரங்கநாயகியும் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள், மறுநாள் காலையிலிருந்து குளத்தைச் சுற்றியே மில்லுக்குப் போகிறார்கள்.